மொத்தத்தில் சிறந்த வழி

அத்தியாயம் பதினேழு

போன வாரம் பெரியவளை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கும் ஜன்னலோரத்தில் விட்டுவிட்டு வந்தோம். டாக்டர் அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கம்மா."

வர வேண்டியவன் ஒருவன்தான். அவளுடைய தம்பி.

அம்மா போன அன்று அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கலைந்திருந்தார்கள். வாசலில் நின்ற அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாம் முடிஞ்ச பிறகு வர்றதுக்கு வராமலே இருந்திருக்கலாம். இனிமே வராதே" என்றார். துக்கம் பேசிய பேச்சு அது. ஆனால் சொன்னவருக்கு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை. கேட்டவனுக்கு அதை மறக்க மனம் வரவில்லை. அவன் தூரத்து நகரத்துக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போய்விட்டான். அப்பாவும் பிள்ளையும் பேசி வருஷக்கணக்கில் ஆகிவிட்டது.

நேற்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த அப்பாவே வாய் திறந்து கேட்டார். "ராக்கெட்டுக்குச் சொல்லிட்டியா?"

ராக்கெட் என்பது சின்னவனுக்கு அவர் வைத்த பட்டப்பெயர். சாப்பிட உட்கார்ந்தாலும், குளிக்கப் போனாலும், ஷூவுக்கு முடிச்சுப் போடக் குனிந்தாலும் ஆற அமரச் செய்கிற பிள்ளைக்கு அப்படியொரு பெயர்.

பெரியவள் இதைத் தம்பிக்குப் போனில் சொன்னாள்.

"அந்தப் பேரைச் சொன்னாரா?"

"அதே பேரைத்தான்டா சொன்னார்."

"கிளம்பறேன்க்கா. வழியை மட்டும் நீயே பார்த்துடு. நான் பார்த்தா லேட்டாத்தான் முடியும்."

வழி பார்ப்பதுதான் பெரியவளுடைய தொழில். இணையத்தில் ஆயிரம் சேவைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு நிறுவனம் விமான இருக்கை தரும், இன்னொன்று பஸ்ஸில் இடம் பிடிக்கும், வேறொன்று கார் அனுப்பும். ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. நீங்கள் போக வேண்டிய இடத்தைச் சொன்னால் போதும், அந்தந்த வேலைக்கு ஒவ்வொரு சேவையாகப் பொறுக்கியெடுத்து, ஒரே பயணமாகக் கோர்த்துக் கொடுக்கிற மென்பொருளை அவள் இருக்கும் குழு உருவாக்கியிருந்தது. ஆபீஸில் அதற்குக் கோர்ப்பான் என்று பெயர். ஒவ்வொரு துண்டும் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்காது. எல்லாத் துண்டுகளையும் சேர்த்து, மொத்தத்தில் எது சிறந்தது என்று பார்க்கும். நடுவில் ஒரு சேவை காலை வாரினால், யாரையும் கேட்காமல் தானே வேறொன்றை மாற்றி வைத்துக்கொள்ளும். அதில்தான் அந்தக் குழுவுக்கே பெருமை.

அவள் கோர்ப்பானைத் திறந்தாள். தம்பி இருக்கும் நகரத்தையும் இந்த ஆஸ்பத்திரியையும் கொடுத்தாள். முதலிடத்தில் வந்த வழியை, கண்ணில் நீர் மறைக்க, அப்படியே அழுத்தினாள். விடிந்ததும் விமானம். இறங்கியதும் கார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தம்பி இங்கே இருப்பான்.

அது நேற்று. இன்று காலை விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியும் விட்டது.

*

வார்டில் அப்பா முகச்சவரம் கேட்டார்.

"இந்த நிலைமையில இது ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் சித்தி. அம்மாவின் தங்கை அவள். நாலு நாளாகப் படுக்கையை விட்டு நகராதவள். வாய் மட்டும் ஓயாது. "மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களா என்ன?"

"என் பிள்ளை வர்றான்" என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "அவன் வர்றப்போ... நோயாளி மாதிரி கிடக்கக் கூடாது."

"ஆமா, ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவர் மாதிரி கிடக்கணும்" என்று சொல்லிக்கொண்டே சித்தி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வார்டு உதவியாளன் தட்டில் வெந்நீரும் ரேஸரும் கொண்டுவந்தான். பச்சை உடுப்பு, ஒல்லியான உடம்பு, தம்பி வயசுதான் இருக்கும். படுக்கை மாற்றுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது அவன் வேலை. சவரம் அவன் வேலையில் சேர்த்தி இல்லை. ஆனாலும் அப்பாவின் தாடையை இரண்டு விரலால் தாங்கிக்கொண்டு, தூங்குகிற குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி அவ்வளவு பதமாகச் செய்தான்.

"பையன் என்ன பண்றாருங்கய்யா?"

"லிஃப்ட்... ரிப்பேர் பண்றான்." அப்பா சிரிக்கப் பார்த்தார். "அவன் ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சா... அந்தக் கட்டடத்துக்காரங்க எல்லாம் படியேறிப் பழகிடுவாங்க."

உதவியாளனும் சிரித்தான். "பொறுமையா செய்யறவருன்னு சொல்லுங்க."

அப்பா அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "ஆமா" என்றார். "பொறுமையா செய்வான்."

பெரியவள் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வருவதை அவள் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அதைக் கேட்க வேண்டியவன் ஆகாயத்தில் இருந்தான்.

*

போன் அடித்தது. படுக்கைப் பக்கம் மணி அடிக்கும், ஆனால் பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்கும். பெரியவள் தாழ்வாரத்து ஜன்னலுக்கு ஓடினாள்.

"இறங்கிட்டேன்க்கா. வாசல்ல நிக்கிறேன். கார் மட்டும் வரல. டிரைவர் வர முடியாதுன்னுட்டாராம்."

"வேற ஒண்ணு தானா மாறும்டா. ஒரு நிமிஷம் இரு."

மாறியது. அவள் திரையிலேயே தெரிந்தது. புது கார், புது டிரைவர். கொஞ்ச தூரத்தில்தான் இருந்தான். நிம்மதியாக மூச்சுவிட்டு வார்டுக்குத் திரும்பினாள்.

அப்பா கண்ணை மூடியிருந்தார். சவரம் செய்த முகம் வயசு குறைந்து தெரிந்தது. "வந்துட்டானா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"கார் ஏறப் போறான்பா."

மறுபடி போன். மறுபடி ஜன்னல்.

"அக்கா, அந்தக் காரையும் மாத்திட்டாங்க. அது இந்தப் பக்கம் திரும்பறதைக் கண்ணால பார்த்தேன். அதுக்குள்ள கேன்சல்னு வருது. இப்போ வேற வண்டி, வேற கேட்டுக்கு வரச் சொல்லுது."

"யார் மாத்தினது?"

"எனக்கென்ன தெரியும்? 'இன்னும் சிறந்த வண்டி கிடைத்திருக்கிறது'ன்னு வந்திருக்கு."

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வெளியில ஏதாவது டாக்ஸி நிக்குதாடா? கிடைச்சதுல ஏறிடு."

"நிக்கிறதெல்லாம் முன்னாடியே சொல்லி வச்சவங்களுக்காம். ஒண்ணு ரெண்டு கிடைச்சிருக்கும், நான்தான் விட்டுட்டேன். நீ சொன்ன வண்டியிலதான் ஏறணும்னு நின்னேன். என் இஷ்டத்துக்கு ஏதாவது பண்ணினா லேட்டாயிடுமோன்னு பயம்க்கா."

அந்தப் 'பயம்க்கா' என்ற சொல் அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. உடனே ஆபீஸில் தன் பக்கத்து நாற்காலிக்காரனைக் கூப்பிட்டாள். ஐந்து வருஷமாக அவளோடு உட்கார்ந்து கோர்ப்பானை எழுதியவன்.

"வண்டியை மாத்திக்கிட்டே இருக்கு. நிறுத்து. முதல்ல அதை நிறுத்து."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவன் தயங்கினான்.

"அது சரியாத்தான் ஓடுது. ஒவ்வொரு தடவையும் மொத்த மதிப்பு கொஞ்சம் கூடுற வண்டி கிடைக்குது. கிடைச்சதும் மாத்துது. நாம அப்படித்தானே எழுதினோம்."

"நேரத்தைப் பார்க்கலையா?"

"பார்க்குது. ஆனா..." அவன் குரல் இறங்கியது. "நீ முந்தாநேத்து வாடிக்கையாளருக்குக் காட்டுறதுக்காக வச்ச அளவு அப்படியே இருக்கு. நாலும் சமம்."

கோர்ப்பான் திரையில் நான்கு கோடுகள் உண்டு. நேரம், செலவு, வசதி, நம்பகம். ஒவ்வொரு கோட்டிலும் விரலால் நகர்த்துகிற ஒரு பொத்தான். உனக்கு எது எவ்வளவு முக்கியம் என்று அங்கேதான் அதற்குச் சொல்ல வேண்டும். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பெரியவள் முதலில் சொல்வதே இதைத்தான். 'என்ன வேணும்னு கேட்கிறதுக்கு முன்னாடி, எது இல்லாமப் போனா தாங்க மாட்டேன்னு சொல்லிடுங்க.' மற்றவர்களுக்கெல்லாம் சொன்னவள், தன் வீட்டுக் காரியத்தில் அந்தக் கோடுகளைத் தொடவே இல்லை. அதனால் மெத்தென்ற இருக்கையும் தம்பி நேரத்துக்கு வந்து சேருவதும் அதற்கு ஒரே எடையாகிப் போயின. சொன்னபடி வராத கார் நிறுவனத்தின் குறையை, விமானத்தின் வேகமும் இருக்கையின் சுகமும் சேர்ந்து மூடி மறைத்துவிட்டன.

"ரெண்டாவது இடத்துல என்ன இருந்தது?" என்று கேட்டாள்.

"அது எதுக்கு இப்போ?"

"சொல்லு."

"நேரா வர்ற பஸ். நேத்து சாயங்காலமே கிளம்பறது. உட்கார்ந்தா முதுகு போயிடும். ஆனா ஒரு நாளும் நின்னதில்ல, லேட்டானதும் இல்ல." கொஞ்சம் விட்டுச் சொன்னான். "விடிகாலையிலேயே வந்திருக்கும்."

விடிகாலையில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து அரை டம்ளர் பால் குடித்தார்.

பெரியவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தம்பியை அழைத்தாள். "டேய், அதை விட்டுடு. எது வந்தாலும் கையைக் காட்டு. லாரி வந்தாலும் ஏறு. நடந்தாவது வா."

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ கிளம்பு."

போனைக் கீழே இறக்கினாள். தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் வார்டின் கதவுக் கண்ணாடி வழியே அப்பாவின் படுக்கை தெரியும். சித்தி டீ வாங்கக் கீழே போயிருந்தாள். உதவியாளன் அப்பாவின் மேல் குனிந்திருந்தான். தலையணையைச் சரி செய்கிறான் போல என்று நினைத்தாள்.

மறுபடி போன். "அக்கா, ஒரு வேன் நின்னுடுச்சு. மெத்தை ஏத்திட்டுப் போற வேன். ஓட்டுற அம்மா, ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கி விடறேன்னு சொல்லிட்டாங்க."

"கடவுளே" என்றாள் பெரியவள். முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். "வாடா. வா."

அவள் அழுகை அடங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக் கதவைத் தள்ளியபோது, உதவியாளன் இன்னும் குனிந்தபடியேதான் இருந்தான். அப்பாவின் கை அவன் கையைப் பிடித்திருந்தது. இல்லை, அவன்தான் அந்தக் கையைப் பிடித்திருந்தான். அப்பாவின் விரல்கள் தளர்ந்து கிடந்தன.

நர்ஸ் ஓடி வந்தாள். பிறகு டாக்டர் வந்தார். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை.

*

டீ டம்ளர்களோடு வந்த சித்தி, கதவருகிலேயே நின்றுவிட்டாள். எப்போதும் வாய் ஓயாதவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளர்களை மெதுவாகத் தரையில் வைத்தாள். அக்கா புருஷனின் போர்வையை இழுத்துக் கால்விரல் வரை மூடினாள். பிறகு கைகூப்பி, உதடு மட்டும் அசைய, தனக்குத் தெரிந்த பிரார்த்தனையைச் சொன்னாள்.

பெரியவளின் கண் வறண்டு போயிருந்தது. அப்பாவுக்கும் தனக்கும் நடுவே ஒரு கதவுதான் இருந்தது. அந்தக் கதவுக்கு வெளியே நின்று, தானே எழுதிய ஒன்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

உதவியாளன் தாழ்வாரத்தில் அவள் பின்னாலேயே வந்தான்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டினாலும் பரவாயில்லை."

அவள் திரும்பினாள்.

"ஐயா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாரு. 'வந்துட்டியா ராக்கெட்'னு கேட்டாரு. உங்களைக் கூப்பிடலாம்னு பார்த்தேன், கையை விட மாட்டேன்னுட்டாரு. நான் இல்லைங்கய்யான்னு சொல்லியிருக்கணும்." அவன் எச்சில் விழுங்கினான். "சொல்ல முடியல. 'வந்துட்டேன்பா'ன்னுட்டேன்."

பெரியவள் சுவரில் சாய்ந்தாள்.

"அதுக்கப்புறம் பேசினாரு. கொஞ்ச நேரம் பேசினாரு. நான் கேட்டுக்கிட்டேன்."

"என்ன பேசினார்?"

அவன் தலையை ஆட்டினான். "அது உங்க தம்பிக்குச் சொன்னது மேடம். என் காதுல விழுந்திருக்கக் கூடாது. உங்களுக்கும் சொல்றதுக்கில்ல. உங்க தம்பி வந்ததும் அவர்கிட்ட ஒப்படைச்சிடறேன். அதுவரைக்கும் நான் எங்கேயும் போகல."

பொய் சொல்லலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் நாமெல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். பெரியவளும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் அந்தப் பச்சை உடுப்புக்காரனின் ஈரக் கண்களைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. கடவுள் இந்தப் பொய்யைக் கணக்கில் வைக்க மாட்டார். வைத்தாலும், இவன் பேரில் வரவாகத்தான் வைப்பார்.

"உன்னைத் திட்டறதா" என்றாள். அவன் தோளைத் தொட்டாள்.

*

சின்னவன் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியேறி ஓடி வந்தான். சட்டையெங்கும் மெத்தைப் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் சின்னப் பை. தாழ்வாரத்தின் கோடியில் அக்காவைப் பார்த்தான். அவள் ஓடி வரவில்லை, அப்படியே நின்றாள். அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டம் நடையாகி, நடை நின்றுபோனது.

"எப்போ?"

"இப்பதான்டா."

அவன் வார்டுக்குள் போனான். அக்காவும் சித்தியும் வெளியே நின்றார்கள். உள்ளிருந்து அழுகைச் சத்தம் வரவில்லை. அதுதான் பெரியவளால் தாங்க முடியாமல் இருந்தது.

அப்போது படியில் இன்னொரு காலடி. பருமனான ஒரு பெண்மணி, கையில் வண்டிச் சாவியோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள். "ஒரு தம்பி பஞ்சும் கையுமா ஓடி வந்தாரே, அவங்கப்பாவைப் பார்த்துட்டாரா? கீழேயே நின்னேன், மனசு கேக்கல."

சித்தி அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். ஆறிப்போன டீயை எடுத்துக் கொடுத்தாள். முன்பின் தெரியாத அந்த இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இறக்க வேண்டிய மெத்தைகள் கீழே வேனிலேயே கிடந்தன.

சின்னவன் வெளியே வந்து சக்கர நாற்காலிகளுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தான்.

"சவரம் பண்ணியிருக்காரு" என்றான்.

"நீ வர்றேன்னுதான்."

"அம்மாவுக்கும் லேட். அப்பாவுக்கும் லேட்." குரலில் அழுகைகூட இல்லை. "அவரு சொன்னது சரிதான்க்கா. எல்லாம் முடிஞ்ச பிறகு வர்றவன் நான். சரியாத்தான் சொல்லிட்டுப் போனாரு."

பெரியவள் அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவள் பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டிரைவர் வரவில்லை, அவ்வளவுதான் என்று ஆகிவிடும். ஆனால் அந்தப் பழி இவன் முதுகிலேயே ஏறிக்கொள்ளும். சாகும்வரை இறங்காது.

"நீ லேட் இல்லடா. நான்தான் லேட் பண்ணினேன்."

அவன் நிமிர்ந்தான்.

"நேரா வர்ற பஸ் ஒண்ணு இருந்தது. நீ விடிகாலையிலேயே வந்திருப்பே. அவர் அப்போ உட்கார்ந்து பால் குடிச்சிட்டு இருந்தார். உனக்கு எது முக்கியம்னு நான் அந்த மெஷினுக்குச் சொல்லவே இல்ல. மொத்தத்துல நல்லதுன்னு அது காட்டினதை அப்படியே அழுத்திட்டேன். தப்பு என்னுது. உன்னுது இல்ல."

அவன் அவளையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கோபம் வந்தது, அவள் அதைப் பார்த்தாள். வந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அவன் முகத்திலேயே நின்றது.

"நீ கூட இருந்தியா? அவர் போறப்போ?"

"இல்லடா" என்றாள் அவள். "நான் வெளியில, உன் காரைத் தேடிக்கிட்டு இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்து, அவளிடம் நீட்டினான். அவனுடைய பயணத்தை முடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கோர்ப்பான் இன்னும் தேடிக்கொண்டிருந்தது. 'இன்னும் சிறந்த வண்டி கிடைத்திருக்கிறது. வாசலில் காத்திருக்கவும்.'

பெரியவள் அதை வாசித்தாள். முகத்தைத் தம்பியின் பஞ்சு ஒட்டிய தோளில் புதைத்துக்கொண்டு உடைந்து அழுதாள். அவன் தள்ளிவிடவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவன் கை மட்டும் எழுந்து, அவள் தலைமேல் வந்து நின்றது. எதையும் மெதுவாகச் செய்கிற பிள்ளை அல்லவா அவன்.

பச்சை உடுப்பு அவர்கள் அருகே வந்து நின்றது.

"நீங்கதானே ராக்கெட்?"

சின்னவனின் உடம்பு விறைத்தது. அந்தப் பெயரால் அப்பாவைத் தவிர யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை.

"உங்கப்பா உங்ககிட்டப் பேசினாரு" என்றான் உதவியாளன். "நான் கேட்டு வச்சிருக்கேன்."

நடந்ததை அவன் சொல்லச் சொல்ல, சின்னவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கேட்க ஆசையும் கேட்கப் பயமும் ஒன்றாக அவன் முகத்தில் தெரிந்தன.

"திட்டினாரா?" என்றான் சின்னக் குரலில்.

உதவியாளன் ஒரு சக்கர நாற்காலியை இழுத்து அவனை உட்கார வைத்தான். இன்னொன்றில் தானும் எதிரே உட்கார்ந்தான்.

அந்தப் பேச்சு தனக்கில்லை என்று பெரியவளுக்குத் தெரிந்தது. எழுந்து, சித்தியையும் அந்த வேன்கார அம்மாவையும் அழைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். திருப்பத்தில் ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"கையைக் குடுங்க" என்று உதவியாளன் சொல்லிக்கொண்டிருந்தான். "அப்படி இல்ல. விரலை உள்ளே விடுங்க. இப்படித்தான் பிடிச்சிருந்தாரு. முதல்ல இது. பேச்சு அதுக்கப்புறம்தான்."

சின்னவன் கையைக் கொடுத்தான்.